எடையில்லாத சிவப்புப் பறவை

கொழுஞ்சிப்பட்டி ஆட்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். யோசிக்காமல் காரியம் செய்கிறவன்தானே முட்டாள்? இவர்கள் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் வேப்பமரத்தடியில் கூடி நாலு மணி நேரம் யோசித்துவிட்டுத்தான் அடிப்பார்கள். சுவரில் அடிப்பார்களா என்று கேட்காதீர்கள், அது வேறு விஷயம்.

அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. அதுதான் ஊரின் கிளை அஞ்சலகம். அதற்குப் போஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மேன், பெருக்கித் துடைக்கிறவர் எல்லாம் ஒரே ஆள், தவசிலிங்கம். ஊரிலேயே பெரிய புத்திசாலி என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான்.

வாசல் கம்பத்தில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி மாட்டியிருக்கும். அதன் நெற்றியில் 'கிளை அஞ்சலகம், கொழுஞ்சிப்பட்டி' என்று வெள்ளைப் பெயிண்டில் தவசிலிங்கமே எழுதியிருந்தார். தினமும் காலையில் ஈரத்துணியால் அதற்கு முகம் துடைத்து விடுவார். மழை வந்தால் பக்கத்தில் நின்று குடை பிடிப்பார். "என்னைக்காவது எனக்கு ஒரு குடை பிடிச்சிருக்கீங்களா?" என்று அவர் சம்சாரம் ஒருநாள் கேட்டேவிட்டது. "நீ நனைஞ்சா துருப்பிடிக்க மாட்டியே" என்று அவர் நியாயமாகத்தான் பதில் சொன்னார். அதற்கு ஏன் மூன்று நாள் சாப்பாடு கிடைக்கவில்லை என்பது இன்றைக்கும் அவருக்கு விளங்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் டவுனில் இருந்து ஆய்வாளர் வந்து இறங்கினார். பேரேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். புரட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"போன வருஷம் இந்த ஊர்ல இருந்து எத்தனை தபால் போயிருக்கு?"

"ரெண்டு சார்."

"யாரு போட்டது?"

"ஒண்ணு, போன தடவை நீங்க வந்தப்ப உங்க வீட்டுக்குப் போட்டது சார். இன்னொண்ணு, அது வந்து சேர்ந்துச்சான்னு கேட்டு நான் உங்க வீட்டுக்குப் போட்டது."

ஆய்வாளர் பேரேட்டை மூடினார். "இந்தாங்க தவசிலிங்கம், தெளிவாச் சொல்லிடுறேன். அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி வருவேன். அதுக்குள்ள இங்கேயிருந்து ஐம்பது தபால் போயிருக்கணும். இல்லைன்னா ஸ்பேனரும் கையுமா வந்து பெட்டியைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவேன். ஆபீஸுக்குப் பூட்டுதான்."

தவசிலிங்கம் ஓடிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். ஆபீஸ் போனால் போகட்டும், பெட்டி போய்விட்டால் காலையில் எழுந்து அவர் யார் முகத்தைத் துடைப்பார்?

வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் பெத்தண்ணன் வந்தார். தவசிலிங்கத்தின் மச்சினனான தையல்காரர் சீனிமுத்து தன் ஆட்டையும் பிடித்துக்கொண்டு வந்தார். இட்லிக்கடை செல்லத்தாயி கையில் கரண்டியோடு வந்தாள்.

"இதுக்கா இவ்வளவு விசாரம்? நமக்குள்ளேயே கடுதாசி போட்டுக்குவோம்" என்றார் தலைவர். அன்றைக்கே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுச் சீனிமுத்துவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'நலம், நலமறிய ஆவல். உன் ஆடு என் வேட்டியைத் தின்றுவிட்டது.' எழுதி முடித்ததும் கோபம் தலைக்கேறியது. இது போய்ச் சேர மூன்று நாள் ஆகுமே, அதுவரை பொறுக்க முடியுமா? நேரே சீனிமுத்து வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார். சண்டை முடிந்து சமாதானமும் ஆகிவிட்டது. சமாதானம் ஆன பிறகு அந்தக் கடிதம் எதற்கு என்று கிழித்துப் போட்டார். ஒரு வாரத்தில் இப்படிப் பதினோரு கடிதம் கிழிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி மதுரையில் இருந்து ஒரு அச்சடித்த காகிதம் வந்தது. உலகத்தில் ஐம்பது நாட்டு ஆட்கள் சேர்ந்து தபாலில் பறவை அனுப்பி விளையாடுகிறார்களாம். தவசிலிங்கம் அதை மரத்தடியில் உரக்கப் படித்தார். பறவையை உங்கள் கையால் செய்யுங்கள். நூறு கிராமுக்கு மேல் போகக் கூடாது. உறைக்குள் போடாதீர்கள், தபால்தலையைப் பறவை மேலேயே ஒட்டுங்கள். இத்துடன் இருக்கும் ஐம்பது முகவரிகளுக்கும் அனுப்பலாம். உங்களுக்கு வருகிற பறவையை நீங்களே வைத்துக்கொள்ளாமல், உங்கள் கையால் ஏதாவது ஒன்று சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். அவ்வளவுதான்.

"ஐம்பது முகவரி!" தவசிலிங்கம் துள்ளி எழுந்தார். "ஐம்பது தபால்! பெட்டி பிழைச்சுது தலைவரே!"

"பொறு. என்ன பறவைன்னு முடிவு பண்ண வேண்டாமா? காக்கா செய்வோம்" என்றார் சீனிமுத்து.

"காக்கா வேண்டாம்" என்று தலைவர் தடுத்தார். "அது போற வீட்டுலயெல்லாம் கத்தும். கத்துனா விருந்தாளி வருவாங்க. ஐம்பது நாட்டுக்காரங்களுக்கும் நம்மால எதுக்கு வீண் சிரமம்? பொதுவா ஒரு பறவை செய்யலாம்."

"பொதுவான பறவை எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டாள் செல்லத்தாயி.

"ரெண்டு ரெக்கை, ஒரு வாய், நடுவுல உடம்பு. அதுக்கு மேல கேட்டா அது அந்தப் பறவையோட சொந்த விஷயம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. வேலை தொடங்கியது. ரெக்கைக்கு அட்டை, உடம்புக்குத் துணி. ஊரில் இருந்த நோட்டு அட்டை எல்லாம் ரெக்கையானது. சீனிமுத்துவிடம் தைக்கக் கொடுத்திருந்த பதினேழு ரவிக்கையும் உடம்பானது. ரவிக்கையைக் கேட்டு வந்தவர்களிடம் அது போலந்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று அவர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

முதல் பறவை முடிந்ததும் செல்லத்தாயி ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள். கொழுஞ்சிப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போகிறவர்கள் யாராக இருந்தாலும் கட்டுச்சோறு இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். அரை மைல் தள்ளியிருக்கும் ரேஷன் கடைக்குப் போகிறவனுக்குக்கூட மடியில் ஒரு பொட்டலம் இருக்கும்.

"இருபது நாள் பயணமாம். பட்டினியாவா அனுப்புறது?" என்றாள்.

"அக்கா, அது துணி" என்றார் தவசிலிங்கம்.

"துணின்னா வயிறு இல்லையா தம்பி? உன் மச்சினனே வயித்தை வச்சுத்தான் தச்சிருக்காரு, பாரு."

தவசிலிங்கம் பார்த்தார். வயிறு இருந்தது. இருக்கிற வயிற்றை இல்லை என்று எப்படிச் சொல்வது? வயிற்றைப் பிரித்துப் புளிச்சோற்றைத் திணித்து மறுபடி தைத்தார்கள். புளிச்சோறு கெடாது என்பது செல்லத்தாயி கொடுத்த உத்தரவாதம்.

தராசில் வைத்தால் முள் நானூறு கிராமில் போய் நின்றது. எல்லோர் முகமும் வாடிவிட்டது. சோற்றைக் குறைக்கலாம் என்று தலைவர் முனகினார். செல்லத்தாயி கரண்டியை அவர் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் சீனிமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான், பறவை எப்படிப் போகும்?"

"பறந்து போகும்."

"அப்புறம் எதுக்கு அதை உட்கார வச்சு எடை போடுறீங்க?"

சீனிமுத்து பறவையின் முதுகில் ஒரு நூலைக் கட்டித் தராசுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முள் நேராகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. தவசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா எல்லாத்தையும் உட்கார வச்சே எடை போட்டிருக்கோமே" என்று வருந்தினார். பேரேட்டில் 'எடை: இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த சிக்கல், பறவை பெட்டியின் வாய்க்குள் நுழையவில்லை. தவசிலிங்கத்துக்கு ஒரு கொள்கை உண்டு. பெட்டி வாயில் விழாதது எதுவும் தபால் இல்லை. ரெக்கையை மடக்கித் திணிக்கவோ மனசு வரவில்லை. ராத்தூக்கம் கெட யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முகவரியை ஒரு சீட்டில் எழுதி, சீட்டை மட்டும் பெட்டிக்குள் போடுவது. முகவரி உள்ளே போனால் ஆளே உள்ளே போன மாதிரிதானே? பிறகு சாவி போட்டுப் பெட்டியைத் திறந்து, சீட்டை வெளியே எடுத்து, பறவையின் மேல் ஒட்டி, தபால்தலை ஒட்டி, பறவைக்கு வலிக்காதபடி துண்டை மடித்து வைத்து அதன் மேல் முத்திரை குத்துவது. முத்திரை துண்டில்தான் விழுந்தது. அதனால் என்ன, பறவைக்கு வலிக்கவில்லை.

இப்படித் தினமும் நாலைந்து பறவை சாயங்கால பஸ்ஸில் ஏறியது. ஊரே பஸ் ஸ்டாப்புக்கு வந்து வழியனுப்பியது. "ஜன்னல்ல தலையை நீட்டாதே", "போனதும் கடுதாசி போடு" என்று பெண்கள் புத்தி சொன்னார்கள். கண்டக்டர் முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாளில் இருந்து சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

பதினாலாம் தேதி மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்பது பறவை போய்விட்டது. பசை காய்வதற்காக ஐம்பதாவது பறவையை வெயிலில் வைத்திருந்தார்கள். போர்ச்சுகல் போக வேண்டிய பறவை. தவசிலிங்கம் பேரேட்டை எடுத்து வர உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு ரெக்கைதான் கிடந்தது. பக்கத்தில் சீனிமுத்துவின் ஆடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"அட பாவி ஆடே! நீ நல்லா இருப்பியா!" தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சீனிமுத்து ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "மச்சான், கலங்காதீங்க. பறவை எங்கேயும் போகலை. உள்ளதான் இருக்கு. ஸ்டாம்பை ஆட்டு மேல ஒட்டி அனுப்பிடலாம்."

தலைவர் ரொம்ப நேரம் தாடையைத் தடவினார். "முடியாதுப்பா. பறவை ஆட்டுக்குள்ள இருக்கு. அப்படின்னா இப்ப ஆடுதான் உறை. உறைக்குள்ள போடக் கூடாதுன்னு காகிதத்துல போட்டிருக்கு."

சட்டம் தெரிந்தவர் தலைவராக இருப்பதில் இதுதான் நல்லது. தவறு நடக்க இருந்ததைத் தடுத்துவிட்டார். இதற்குள், ஒட்டுவதற்குக் கொண்டுவந்த தபால்தலையில் ஒன்றையும் ஆடு தின்றுவிட்டிருந்தது.

ஊரில் வேறு துணி இல்லை, கட்டியிருந்ததைத் தவிர. சாயங்கால பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. விடிந்தால் ஆய்வாளர் ஸ்பேனரோடு வந்துவிடுவார். தவசிலிங்கம் எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு குறைஞ்சிடுச்சேடா கண்ணு" என்று அழுதார். பார்த்த எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

தலைவர் கீழே கிடந்த ரெக்கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி ரெக்கையைப் பார்த்தார்.

"தவசி, ரெக்கை ரெண்டு இருக்கு. வாயும் உடம்பும்தானே வேணும்?"

"ஆமா."

"பெட்டிக்கு வாய் இருக்கு. உடம்பு இருக்கு. நெத்தியில எழுத்து நீ உன் கையால எழுதினது. நாளைக்கு ஆய்வாளர் வந்து பெட்டியைக் கழட்டாம இருக்கணும்னா, அவரால கழட்ட முடியாத இடத்துல பெட்டி இருக்கணும். அப்படிப்பட்ட இடம் எது?"

தவசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "போர்ச்சுகல்" என்றார்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஐம்பதாவது தபாலும் ஆச்சு, பெட்டியும் தப்பிச்சாச்சு. இந்த மாதிரி மூளை எத்தனை ஊரில் இருக்கிறது சொல்லுங்கள்.

பெட்டியைக் கழற்றி ரெக்கை ஒட்டினார்கள். கிணற்றுக் கயிற்றை வேப்பங்கிளையில் போட்டு நாலு பேர் இழுத்துப் பிடிக்க, பெட்டி தராசுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தொங்கியது. முள் அசையவே இல்லை. 'எடை: இல்லை.' செல்லத்தாயி பெட்டியின் வாய் வழியாக இரண்டு படிப் புளிச்சோற்றை ஊட்டினாள். தவசிலிங்கம் முறைப்படி போர்ச்சுகல் முகவரிச் சீட்டை உள்ளே போட்டார்.

"பெட்டியைத் திறக்க அவங்களுக்குச் சாவி வேணுமே மச்சான்?" என்றார் சீனிமுத்து. "தனியா அனுப்பினா தொலைஞ்சிடும்."

அதுவும் சரிதான் என்று சாவியையும் உள்ளே போட்டார் தவசிலிங்கம். பிறகு சீட்டை வெளியே எடுத்து ஒட்டுவதற்காகச் சாவியைத் தேடினார்.

"சாவி உள்ளதான் இருக்கு" என்றார் சீனிமுத்து.

"அப்ப சீட்டு?"

"சீட்டும் உள்ளதான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கா?" தலைவர் நிம்மதியாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பச் சரி. பத்திரமா இருக்கும்."

அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் தவசிலிங்கம் நின்ற கோலத்தைச் சொல்ல எனக்கே மனசு கேட்கவில்லை. பெட்டிக்கு ஒருதரம் முகம் துடைத்துவிட்டார். நாலு பேர் அதைப் பஸ் கூரையில் ஏற்றினார்கள். "யாருக்குய்யா இது?" என்று கேட்டார் கண்டக்டர். "உள்ள விவரமா எழுதியிருக்கு" என்றார் தவசிலிங்கம். பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஆய்வாளர் வந்து இறங்கினார். கையில் ஸ்பேனர். ஊரே அஞ்சலக வாசலில் நின்றது.

"எத்தனை தபால் போச்சு?"

"ஐம்பது சார்!" தவசிலிங்கம் பேரேட்டை நீட்டினார்.

ஆய்வாளர் ஆச்சரியத்தோடு புரட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். "பெட்டி எங்கேய்யா?"

"தபால்ல போட்டுட்டோம் சார்."

"எந்தப் பெட்டியில போட்டீங்க?"

"அதே பெட்டியிலதான் சார்."

ஆய்வாளர் வாயைத் திறந்தார். பேச்சு வருவதற்குள் கண்டக்டர் பஸ் கூரையில் இருந்து எதையோ இறக்கிக் கொண்டுவந்து அவர் காலடியில் 'தொம்' என்று வைத்தார். சிவப்பாக, இரண்டு ரெக்கையோடு. டவுன் பெரிய ஆபீஸில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். வெளியே இருந்த ஒரே முகவரி 'கிளை அஞ்சலகம், கொழுஞ்சிப்பட்டி'. ரெக்கையில் ஒழுங்காக ஒரு முத்திரை குத்தி, இருக்கிற முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

"வந்துடுச்சு! வெளிநாட்டுப் பறவை நமக்கு வந்துடுச்சு!" என்று தவசிலிங்கம் குதித்தார்.

"இது உங்க பெட்டிய்யா!" என்று கத்தினார் ஆய்வாளர்.

தலைவர் அவர் தோளில் பரிவோடு கைவைத்தார். "சார், நம்ம பெட்டி நேத்துச் சாயங்காலம்தான் கிளம்புச்சு. போர்ச்சுகல் வரைக்கும் போயிட்டு ஒரே ராத்திரியில எப்படி சார் திரும்பும்? இது அவங்க செஞ்சது. நல்லாப் பார்த்துச் செஞ்சிருக்காங்க."

செல்லத்தாயி வாய்க்குள் மோந்து பார்த்தாள். "அடியாத்தீ! அங்கேயும் புளிச்சோறுதான் கட்டுவாங்க போல!"

ஆய்வாளர் பெட்டியைத் தூக்கப் போனார். தவசிலிங்கம் குறுக்கே வந்து நின்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். "மன்னிக்கணும் சார். இது தபால்ல வந்த சாமான். முத்திரை இருக்கு, முகவரி இருக்கு. அடுத்தவங்க தபாலை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு உங்களுக்கே ரூல் இல்லை."

இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் ஆய்வாளர் படித்த ரூல் புத்தகமும் அதைத்தான் சொன்னது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு ஒரு காகிதத்தில், 'ஐம்பது போயிருக்கிறது. ஒன்று வந்திருக்கிறது. அஞ்சலகம் இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டுச்சோற்றை மறுத்துப் பார்த்தார், செல்லத்தாயி விடவில்லை.

பஸ் கிளம்பியதும் தவசிலிங்கத்துக்கு மதுரைக் காகிதத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது. வந்த பறவையை வைத்துக்கொள்ளக் கூடாது. கையால் ஏதாவது சேர்த்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு படிச் சோறு சேர்த்தார்கள். பின்லாந்து முகவரியைச் சீட்டில் எழுதிப் பெட்டி வாயில் போட்டார்கள். கயிற்றில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். சாயங்கால பஸ்ஸில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலையில் பின்லாந்தில் இருந்து பறவை வந்துவிட்டது.

அன்று முதல் கொழுஞ்சிப்பட்டியில் தினம் ஒரு தபால் போகிறது, தினம் ஒரு தபால் வருகிறது. அந்த வட்டாரத்தில் எந்தக் கிளை அஞ்சலகத்துக்கும் அந்தக் கணக்கு கிடையாது. போன மாதம் நிஜமாகவே போர்ச்சுகல்லில் இருந்து உள்ளங்கை அளவு நீலக் காகிதக் குருவி ஒன்று வந்தது. தவசிலிங்கம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ ஏமாத்துக்காரன் வேலை. போர்ச்சுகல் பறவை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று ஒதுக்கி வைத்தார்.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. நாற்பது நாட்டுப் பறவை வந்தாயிற்று, எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே மாதிரி ரெக்கை. வெளிநாட்டுக்காரனுக்குச் சொந்தமாக யோசிக்கவே தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார். இருந்தாலும் வந்த விருந்தாளி ஆயிற்றே என்று ஒவ்வொன்றுக்கும் முகம் துடைத்து, ஒரு படிச் சோறும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்.

முன்பெல்லாம் கிணற்றுக் கயிற்றை இழுக்க நாலு பேர் போதும். நேற்று பதினாலு பேர் இழுத்தார்கள், வேப்பங்கிளை முறிந்துவிடும் போல வளைந்தது. தவசிலிங்கம் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார். இன்றைக்கும் ஒரு கிராம்கூடக் கூடவில்லை.